கம்பாசிட்டர் வீட்டுப் பிள்ளைகள்

எங்கள் அப்பாக்கள் செத்தபோது ஃப்ளெக்ஸ் வைத்தோம். தெருமுனையில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று, சொந்த ஊருக்கு ஒன்று. கீழ்வரிசையில் கூலிங் கிளாஸ் போட்ட பேரன்கள். மேலே, யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த அப்பாவின் முகம். அவருக்கென்று தனியாக எடுத்த படம் எங்களில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. ஒருவர் வீட்டு ஃப்ளெக்ஸில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வல்லின றகரம் போட்டிருந்தது. நாற்பது வருஷம் எழுத்து கோத்த மனிதருக்கு! கருமாதி முடியும்வரை அது அங்கேயேதான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

‘நாங்கள்’ என்பது மதுரையில் ஒரே வட்டாரத்துச் சின்னச் சின்ன அச்சகங்களில் வேலை பார்த்த கம்பாசிட்டர்களின் பிள்ளைகள். இப்போது ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறோம். பேங்க், எல்.ஐ.சி., வாத்தியார் வேலை, துபாய், ஒருவருக்கு மட்டும் டிடிபி சென்டர். அப்பாக்களில் அநேகம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ஊரில் எவரும் எங்களைச் சொல்லிவிட முடியாது. பதினாறாம் நாள் காரியம் செய்தோம், தலைதிவசம் கொடுத்தோம், மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் எல்லாம் காலத்தில் வாங்கி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். பட்டா மாறுதலுக்கு எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படியேறினோம் என்பதை இன்றைக்கும் விலாவாரியாகச் சொல்வோம்.

அப்பா எந்த வயதில் அச்செழுத்துக் கேஸ் முன்னால் போய் நின்றார், யாரிடம் தொழில் கற்றார், முதல் கூலி எவ்வளவு, எந்தப் புத்தகத்தைக் கோத்தார், எதைக் கோக்கும்போது சிரித்தார் என்று கேட்டால் மட்டும் எங்களிடம் பதில் கிடையாது. தர்ப்பணத்தின்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். தாத்தா பெயரோடு நாங்கள் தடுமாறி நின்றுவிடுவோம். அதில்கூட வெட்கப்பட அவ்வளவு ஒன்றுமில்லை, கொள்ளுத்தாத்தாவை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அப்பாவோடு ஒரே கூரைக்குக் கீழே கால் நூற்றாண்டு இருந்திருக்கிறோம்.

அச்சகத்துக்குள் சோற்று வாளியோடு போய் நின்ற பிள்ளைகள்தாம் நாங்கள். அதனால் கண்ணால் கண்டது கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கேஸ் என்பது சாய்த்து நிறுத்திய மரத்தட்டு. அதில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒரே எழுத்து. நெடுங்கணக்கு வரிசையெல்லாம் அங்கே செல்லாது. அடிக்கடி வரும் எழுத்து கைக்குப் பக்கத்தில் இருக்கும், எப்போதோ வருவது ஓரத்தில் கிடக்கும். இடது கையில் ஸ்டிக். வரியின் அகலத்துக்கு அதைத் திருகி வைத்துக்கொள்வார்கள். வலது கை அறைக்கும் ஸ்டிக்குக்கும் போய்ப் போய் வரும். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சின்னக் காடி வெட்டியிருக்கும். கட்டை விரல் அதைத் தடவியே எழுத்து நேரா தலைகீழா என்று சொல்லிவிடும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாது. ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக நிற்கும், எழுத்தின் முகமோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். அதை அவர்கள் நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில் படித்தார்கள்.

‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கு மூன்று துண்டு ஈயம் வேண்டும்: முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். ‘கி’, ‘கீ’, ‘கு’, ‘கூ’ எல்லாம் தனித்தனி வார்ப்பு, தனித்தனி அறை. இங்கிலீஷ் கோக்கிறவனுக்கு இருபத்தாறைச் சின்னதும் பெரிதுமாக வைத்துக்கொண்டால் போதும். தமிழ் கோக்கிறவர் அதைப்போலப் பல மடங்கு அறைகளைக் கைக்குள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வரி நிறைந்ததும் இடையிடையே ஸ்பேஸ் கூட்டியோ குறைத்தோ இறுக்குவார்கள், அடுத்த வரிக்கு முன் லெட் என்ற ஈயத் தகடு ஒன்றைச் செருகுவார்கள். பக்கம் முடிந்ததும் நூலால் சுற்றிக் கட்டிக் கேலி என்ற தட்டில் வைத்து, மையைத் தடவிப் புரூஃப் எடுப்பார்கள். கட்டிய பக்கத்தை ஏந்திக்கொண்டு நாலு தப்படி நடக்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் கவனத்தைக் கைக்குழந்தையைத் தூக்கும்போதுகூட நாங்கள் பார்த்ததில்லை. கை நழுவினால் அரைநாள் உழைப்பு தரையில் சிதறும். கூலி பக்கக் கணக்கு.

அச்சான பிறகு எழுத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொன்றாக மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். எழுத்துப் பிரித்துப் போடுவது என்பார்கள். பிரிக்கும்போது தப்பான அறையில் ஒன்று விழுந்தால் நாளைக்கு யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ அது பிழையாக வந்து நிற்கும். சின்ன அச்சகத்தில் ஒரு புத்தகம் முழுவதையும் கோத்து நிறுத்திவைக்க எழுத்து ஏது? எட்டுப் பக்கம் கோப்பது, ஓட்டுவது, பிரிப்பது, பிறகு அடுத்த எட்டு. நீத்தார் நினைவுப் பத்திரிகைக்குச் சலுகை உண்டு. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் கல்யாணப் பத்திரிகை வாசகம் போல, இறைவனடி சேர்ந்த வாசகமும் ஒரு மூலையில் கட்டியபடியே இருக்கும். ஆள் வந்தால் பெயர், தேதி, ஊர் மாற்றினால் போதும். ஊரில் உள்ள அத்தனை பேர் சாவுக்கும் எங்கள் அப்பாக்கள் அப்படிப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுடைய அலட்சியத்துக்கு நேரமின்மை காரணம் என்று ஒருவருக்கொருவர் நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. அது பொய். உண்மைக் காரணம் வெட்கம். பள்ளிக்கூடத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் எங்களில் பலர் ‘பிரஸ்’ என்று மட்டும் எழுதினோம். பத்திரிகைக்காரர் என்று வாத்தியார் நினைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். நினைத்தும்கொண்டார்கள். காலேஜில் ‘பிரிண்டிங் லைன்’. பெண் பார்க்கப் போனபோது ‘சொந்தமா பிரஸ் வச்சிருந்தார்’ என்று தரகர் சொன்னதை ஒருவர் மறுக்காமல் காபி குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல்நுனியும் நகக்கண்ணும் என்ன தேய்த்தாலும் போகாத கருப்பாக இருந்தன. பெண் வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்களா என்ன!

அந்தக் கருப்பில் மை மட்டும் இல்லை. அச்செழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றையும் கலந்து வார்த்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ஈய நஞ்சேற்றமும் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், சோகை, கை மணிக்கட்டு தளர்வது எல்லாம் அதன் அடையாளங்கள். அப்பாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அல்சர் என்றோம், நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்றோம், குடித்தவர்களாக இருந்தால் குடி என்றோம். டாக்டர் என்ன தொழில் என்று கேட்டபோதும் ‘பிரஸ்’ என்றே சொன்னோம். ஈயத்தில் கை வைக்கிற வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேறு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கக்கூடும். பள்ளிக்கூடக் கட்டத்தில் நிரப்பியதை ஆஸ்பத்திரியிலும் நிரப்பினோம்.

அந்த வேலையிலிருந்து எழுத்துக்கு வந்தவர்கள் உண்டு. ம.பொ.சி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அச்சுக் கோத்தவர். அதை மறைக்காமல் ‘எனது போராட்டம்’ நூலில் எழுதிவைத்தார். விந்தன் ‘ஆனந்த விகட’னில் கம்பாசிட்டராக இருந்து, பிறகு கல்கியின் கண்ணில் பட்டு ‘கல்கி’ ஆசிரியர் குழுவுக்கு வந்தார். இந்த இரண்டு பெயர்களையும் மேடையில் சொல்லி எங்கள் தொழிலின் பெருமையை முடித்துக்கொள்வது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. கேஸை விட்டு வெளியே வந்ததனால்தான் அவர்களை உலகம் அறிந்தது. கடைசிவரை கேஸ் முன்னாலேயே நின்றவர்களைப் பற்றி அந்த இருவர் பெயரும் எதையும் சொல்லிவிடாது.

சட்டம்கூட அப்பாக்களைக் கண்டுகொள்ளவில்லை. 1867-ஆம் வருஷத்து அச்சக, நூல் பதிவுச் சட்டம், அச்சாகிற ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. அரசுக்கு வேண்டியிருந்தது, ராஜதுரோகம் என்றால் யாரைப் பிடிப்பது என்ற விவரம். அதற்கு முதலாளி பெயர் போதும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதை நமக்கெல்லாம் தெரியும். கும்பகோணத்தில் வேலை, சென்னையில் அச்சு என்று அவர் அலைந்ததும் தெரியும். அந்த எழுத்துகளை அறையிலிருந்து எடுத்து வைத்த விரல்கள் எவருடையவை? 1862-இல் வின்ஸ்லோ அகராதியைச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகம் அடித்தது, அச்சகத்தை நடத்திய ஹன்ட் பெயர் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ், இங்கிலீஷ் இரண்டு மொழியும் கலந்த அந்தப் பெரிய நூலைப் பக்கம் பக்கமாகக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

பி.எஃப். விஷயமும் அப்படியே. இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் அந்தச் சட்டம் கட்டாயமில்லை. எங்கள் வட்டாரத்து அச்சகங்களில் ஆறு பேர் இருந்தால் பெரிய பிரஸ். அதனால் நம்பர் இல்லை, பாஸ்புக் இல்லை, பணிப்பதிவேடு இல்லை, ரிட்டையர்மென்ட் என்று ஒரு நாளும் இல்லை. வாத்தியார் செத்தால் அவர் எந்த ஊரில் எந்த வருஷம் வேலை பார்த்தார் என்று ஓர் ஆபீஸ் கட்டாவது சொல்லும். எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்ததற்கு எங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நாங்களோ வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தொழிலின் சரிவு 1980-களின் கடைசியில் ஆரம்பித்தது, தொண்ணூறுகளின் நடுவில் முடிந்துவிட்டது. ஆஃப்செட் வந்தது, அதன் பின்னாலேயே கம்ப்யூட்டர். கம்பாசிட்டர்களில் கொஞ்சம் பேர் பைண்டிங் செக்‌ஷனுக்குப் போனார்கள், சிலர் புரூஃப் பார்த்தார்கள், சிலர் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். எழுத்துகளை முதலாளிகள் ஈய விலைக்கு எடைபோட்டு விற்றார்கள். அப்பாக்களே சாக்கில் அள்ளிப்போட்டுத் தராசில் ஏற்றினார்கள். அன்றைக்குக் கூலி உண்டு என்பதால் போனார்கள். அந்தச் சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் என்ன சொன்னார் என்று எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. நாங்கள் அப்போது கம்ப்யூட்டர் கிளாஸில் இருந்தோம். எங்களில் ஒருவர் அதே தெருவில் டிடிபி சென்டர் திறந்தபோது குத்துவிளக்கு ஏற்றியது அவர் அப்பாதான். ஏற்றிவிட்டு, மானிட்டரில் தெரிந்த முதல் பக்கத்தைக் குனிந்து பார்த்து, ‘அந்த ரெண்டாவது வரியில ஒற்று விட்டுப்போச்சு’ என்றாராம். மகன் ‘அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா’ என்றார். அதை இப்போது அந்த மகனே எங்களிடம் சொல்கிறார்.

இப்போது அந்த மரக் கேஸ்கள் பழம்பொருளாக விலைபோகின்றன. எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் இணையத்தில் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். அறைகளில் சின்னச் சின்னப் பித்தளைப் பொம்மை வைத்திருக்கிறார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் அப்பா மாசக்கணக்கில் நின்று சம்பாதித்ததைவிட அதன் விலை அதிகம். வாங்கிய பிறகுதான் அது தமிழ் கேஸா இங்கிலீஷ் கேஸா என்ற கேள்வி வந்தது. பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

வேலை போன பிறகும் பல வருஷம் அவர்கள் இருந்தார்கள். அந்த வருஷங்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிக உறுத்தல். காலையில் பேப்பர் வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒற்று மிகுந்தது, ஒற்று விட்டது, லகர ளகரம் மாறியது எல்லாவற்றையும் சுழித்து, ஓரத்தில் புரூஃப் குறி போட்டுவைப்பார்கள். தலையங்கத்தில் ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் அதையும் அடித்துத் திருத்தி எழுதியவர் உண்டு. வந்தவர்களிடம் நாங்கள் சிரித்துக்கொண்டே காட்டுவோம்: ‘எங்கப்பாவுக்கு இதான் டைம்பாஸ்.’ மாசம் ஒருமுறை அந்தப் பேப்பர்களை எடைக்குப் போட்டோம். அப்பாவின் கையெழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்குத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது ரேஷன் கார்டுக் கையொப்பம், யாருக்கோ எழுதிவைத்த கடன் கணக்கு. கிலோக் கணக்கில் இருந்ததை நாங்களே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அம்மாக்களிடமும் கேட்கவில்லை. இராத்திரி அச்சடித்த ஃபாரங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, தரையில் பரப்பி, மடித்து அடுக்கியவர்கள் அவர்கள். அந்தக் கூலி அப்பா கணக்கில் சேர்ந்தது. எந்த முதலாளி முன்பணம் கொடுத்தார், எவர் பிடித்தார், தை மாசமும் வைகாசியும் எப்படி ஓடின, ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வேலை இல்லாதபோது அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பள்ளிக்கூட ஃபீஸ் தேர்தல் வருஷத்தில் மட்டும் தாமதமாகாமல் கட்டப்பட்டதற்கு நோட்டீஸ் வேலைதான் காரணம் என்று ஓர் அம்மா சொல்லித்தான் போன வருஷம் தெரிந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதன் பெயரே கல்வெட்டு. பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, தொழில், கொண்டது கொடுத்தது, மக்கள் மருமக்கள் எல்லாம் அதில் வரும். பழையவற்றில் செய்யுளாகவே இருக்கும், கூடவே தேவாரம் திருவாசகம். புகழ்ச்சி கொஞ்சம் தூக்கல்தான், கடன்பட்டதையும் கோபக்காரராக இருந்ததையும் கல்வெட்டில் தேட முடியாது. ஆனாலும் கமக்காரர், கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று சாதாரண மனிதர்களின் வாழ்க்கை தேதியோடு காகிதத்தில் ஏறிவிடுகிறது. போரில் வீடு போய், ஊர் போய், கனடாவுக்கும் லண்டனுக்கும் போன பிறகும் அதை அவர்கள் விடவில்லை. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. 1981-இல் யாழ் நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்ததைப் பார்த்த சமூகம், ஒரு தாத்தாவின் நாற்பது பக்கச் சிறுநூலையும் சும்மா விடுவதில்லை.

நமக்கு அப்படி எதுவும் எரியவில்லை. அதனால்தானோ என்னவோ இந்த அலட்சியம். பாரதியைப் பற்றி மகள் சகுந்தலா எழுதினார், பாரதிதாசனைப் பற்றி மகன் மன்னர்மன்னன் எழுதினார், மறைமலையடிகள் வரலாற்றை மகன் திருநாவுக்கரசு எழுதினார். அப்பா பெரிய ஆளாக இருந்தால் பிள்ளை எழுதலாம் என்பது இங்கே எழுதாத விதி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூட வீசாமல் சேர்த்துவைத்தார், அவை இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அவர் மாதிரி ஒருவர் சேர்த்தார், வீட்டுக்கு வீடு நாங்கள் எடைக்குப் போட்டோம்.

கடைசியாக எங்கள் வட்டாரத்தில் மிச்சமிருக்கும் ஒரு கம்பாசிட்டரைத் தேடிப் போனோம். எண்பதைத் தாண்டியவர். மாமா என்றுதான் சின்ன வயதிலிருந்தே கூப்பிடுவோம். வாசலில் உட்கார்ந்து மொபைலில் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாக்களைப் பற்றிக் கேட்க வந்த விஷயத்தைச் சொன்னதும், ‘இப்பதான் வழி தெரிஞ்சுதாடா உங்களுக்கு?’ என்றார். பிறகு பேச ஆரம்பித்தார்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்ட கதையைக் கேட்டோம். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் அதைக் கொண்டுவந்துவிட்டார், மற்ற அச்சகங்களுக்கு அரசாணைதான் முடுக்கம். பழைய ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், யானைத்தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்தது அவ்வளவுதான். மாமா சொன்னது வேறு. ‘அறை காலியாச்சு, சரி. ஆனா கால் பத்தல! னாவுக்கு, றாவுக்கு எல்லாத்துக்கும் இப்ப தனியா கால் வேணும்ல? பாதிப் பக்கத்துல கால் தீர்ந்துபோகும். உங்கப்பன் என்ன செய்வான் தெரியுமா, கால் வர்ற வார்த்தையை மாத்திப் போட்டுருவான். ஒரு புலவர் புஸ்தகத்துல மூணு எடத்துல மாத்திட்டான். புலவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல.’ எங்களில் யாருடைய அப்பாவைச் சொல்கிறார் என்று கேட்டோம். சொல்லிவிட்டார். அந்த மகன் எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இன்னொருவர் அப்பா மகா மந்தமாம், ஆனால் கணக்குப் பாடமும் டேபிளும் அவரைத் தவிர யாராலும் கோக்க முடியாதாம். வேறொருவர் அப்பா சங்கம் வைக்கலாம் என்று ஆள் திரட்டி, கடைசி நேரத்தில் முதலாளியிடம் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டுப் பின்வாங்கியவராம். அந்தக் கல்யாணம் எங்கள் அக்கா ஒருத்தியுடையது. அவளும் அங்கே இருந்தாள். ‘மாமா, இதெல்லாம் எழுதலாமா?’ என்று கேட்டாள். ‘நடந்துச்சுல்ல?’ என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குள் பெரிய தகராறு. சிறு நூலாக ஒன்று போடுவது என்று முடிவு, அதில் எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. குடியைச் சொல்லக்கூடாது என்றார் பேங்க்காரர், பேரன் பேத்திகள் படிப்பார்களாம். குடியைச் சொல்லாமல் வயிற்றுவலியை எப்படிச் சொல்வது என்றார் டிடிபிக்காரர். முன்பணக் கதை வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, வேறு யாரோதான் அவளுக்காகச் சொன்னார்கள். அவள், ‘போடுங்க, அந்தக் கல்யாணத்துக்கு என்னென்ன செலவாச்சுன்னும் போடுங்க’ என்றாள். துபாய்க்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு முகப்பு அட்டை அனுப்பினார். சூரிய அஸ்தமனம், பறக்கும் புறாக்கள், நடுவில் தங்க எழுத்தில் ‘அச்சுக்கலைச் சிற்பிகள்’.

அந்த அட்டையை மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ‘சிற்பியெல்லாம் வேண்டாம்டா. கம்பாசிட்டர்னே போடு. அதுக்குத்தான் கூலி வாங்குனோம்’ என்றார். எவ்வளவு கூலி மாமா என்று நோட்டைத் திறந்தோம். பக்கத்துக்கு எவ்வளவு, ஓவர்டைமுக்கு எவ்வளவு, எந்த முதலாளி எவ்வளவு பாக்கி வைத்துவிட்டுச் செத்தான் என்று ஆரம்பித்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மருமகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.